ஆறு படமும் ஒரே பக்கம்

எனக்குக் கோவம் வரும். இத முதல்லயே சொல்லிர்றேன். பிறகு சீதா தன்னப் பத்தி நல்லத மட்டும் சொல்லிக்கிட்டானு யாரும் பேசக் கூடாது. கட்டுக்கலையில ஒரு கண் கிளினிக்ல, மேல் மாடியில, ஜன்னலே இல்லாத ஒரு இருட்டு அறைக்குள்ள ஒன்பது வருசமா இருக்கேன். தாடைய இங்க வைங்க, நெத்திய அங்க முட்டுங்க, சிமிட்டாதீங்க, ஆடாதீங்க. இதையே ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குச் சொல்லிப் பாருங்க, உங்களுக்கும் வரும்.

என் வேலை படம் எடுக்குறது. கல்யாணப் படம் இல்ல. கண்ணோட பின் சுவர்ல ரத்தம் ஓடுற படம். முந்தியெல்லாம் கையில ஊசி குத்தி மஞ்சள் மருந்து ஏத்தித்தான் எடுப்பாங்க, ஒரு நாள் முழுக்க ஒண்ணுக்குக் கூட மஞ்சளாப் போகும். இப்ப எங்ககிட்ட இருக்குற மிஷினுக்கு ஊசி வேணாம், வெறும் வெளிச்சம் போதும். அது ஒரே இடத்த மறுபடி மறுபடி படம் புடிக்கும். சதை அசையாது, ரத்தம் அசையும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எது மாறியிருக்கோ அதுதான் ரத்தக் குழாய்னு கணக்குப் போட்டு வரைஞ்சு தரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு துளி அசைஞ்சாலும் மிஷினுக்கு எல்லாமே ரத்தம்னு தோணிரும், படம் பூரா கோடு கோடா விழும். மூணு செக்கன் கண்ண அசையாம வச்சிருந்தாப் போதும். அந்த மூணு செக்கனுக்காகத்தான் நான் ஊர் உலகத்தோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்.

அதுலயும் கடுமையான கிட்டப்பார்வைக்காரங்க வந்துட்டா அன்னைக்கு எனக்கு நாளே சரியில்ல. இவங்க கண்ணு சாதாரணக் கண்ணு மாதிரி உருண்டையா இருக்காது. ஊதுன பலூனப் புடிச்சு இழுத்த மாதிரி பின்னால நீண்டு போயிருக்கும். பின் சுவர் மெலிஞ்சு, குழி விழுந்து கிடக்கும். நேராப் பார்த்தாத்தான் அந்தக் குழி படத்துக்குள்ள அடங்கும், கொஞ்சம் சரிஞ்சு பார்த்தாலும் பாதிப் படம் கீழ போயிரும். கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் மிஷின்ல உட்காரணும், கழட்டிட்டா அவங்களுக்கு உள்ள பார்க்கச் சொல்ற சின்னப் பச்சைக் கூட்டல் குறி சரியாத் தெரியாது. மிஷின்ல பவரத் திருப்புற சக்கரம் ஒண்ணு இருக்கு, அதுவும் மைனஸ் பதினைஞ்சோட நின்னுரும். அந்த மிஷினச் செஞ்சவன் வீட்டுல எல்லாருக்கும் நல்ல கண்ணு போல.

இப்படி மாசத்துல பத்துப் பேராவது என் கழுத்த அறுப்பாங்க. படம் வராட்டி டொக்டருக்குப் போற துண்டுச் சீட்டுல காரணம் எழுதணும். ஒத்துழைப்புப் போதாது, ஒத்துழைப்புப் போதாதுன்னு இங்கிலீஷ்ல எழுதி எழுதி எனக்குக் கையே வலிச்சுப் போச்சு. கடைசியில இங்க டவுன்ல கொழும்பு வீதியில ஒரு கடையில குடுத்து, அந்த ரெண்டு வார்த்தைக்கும் ஒரு ரப்பர் முத்திரை வெட்டிக்கிட்டேன். துண்ட வச்சு ஒரு குத்து, வேலை முடிஞ்சிரும். எனக்கு அதுல ஒரு பெருமை கூட இருந்துச்சு.

டொக்டர் சண்முகநாதன் கொழும்புலருந்து ரெண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை வருவாரு. யாழ்ப்பாணத்து மனுசன், கெட்டிக்காரர், ஏச மாட்டாரு, ஆனா மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டவரு. மூணு மணிக்கு அவர் கார் வெளிக்கிட்டுரும். கண்ணுக்குள்ள போடுற ஊசி அவர் மட்டும்தான் போடுவாரு.

நான் சொல்ற சனிக்கிழமை சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தினது. வருசத்துக்கு முன்னால எல்லாத்தையும் முடிச்சிரணும்னு சனம் மொத்தமும் வந்து நிக்குது. குளிரூட்டி மிஷின் ஒழுகி, அதுக்குக் கீழ ஒரு பேசின் வச்சு, அந்தப் பேசின்ல சொட்டுச் சொட்டுனு விழுற சத்தம் காலையிலருந்து என் மண்டைக்குள்ள விழுது. பன்னெண்டரைக்கு நான் இன்னும் ஒரு பிளேன்டீ கூடக் குடிக்கல. அந்த நேரம்தான் வீரம்மா உள்ள வந்தாங்க.

நாப்பத்தெட்டு வயசு. புசல்லாவைப் பக்கத்துல ஒரு தோட்டத்துல பிள்ளைமடுவத்து ஆயா. கொழுந்தெடுக்கப் போற அம்மாமார் காலையில கைப்பிள்ளைகள விட்டுட்டுப் போவாங்களே, அந்த இடம். அங்க பதினாலு பிள்ளை இவங்க பொறுப்பு. கண்ணோட பவர் மைனஸ் பதினெட்டு. இடது கண்ணு எப்பவோ போயிருச்சு, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண்ணு ஒண்ணுதான் அவங்களுக்கு உலகம். அந்தக் கண்ணுல ஒரு மாசமா, பால் போத்தல்ல இருக்குற அளவுக் கோடு வளைஞ்சு தெரியுதுன்னு தோட்டத்து டிஸ்பென்சரியில குடுத்து விட்ட கடிதத்துல எழுதி இருந்துச்சு. டொக்டர் லைட் அடிச்சுப் பார்த்துட்டு, கண்ணோட நடுவுக்குப் பக்கத்துல சின்னதா ரத்தக் கசிவு இருக்குனு சொல்லி என்கிட்ட அனுப்பியிருந்தாரு.

இதுல என்ன விசயம்னா, அந்த ரத்தத்துக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். மெலிஞ்ச சுவர் சும்மா வெடிச்சுக் கசிஞ்சிருந்தா, அது தானா ஆறிரும், ஊசி வேணாம். சுவருக்குப் பின்னாலருந்து புதுசா ஒரு ரத்தக் குழாய் முளைச்சு உள்ள வந்திருந்தா, உடனே ஊசி போடணும். இன்னும் ஒரு மாசம் விட்டாத் தழும்பாகிரும், பிறகு எந்த டொக்டர் வந்தும் ஒண்ணும் செய்ய முடியாது. எதுன்னு சொல்லப் போறது என் படம்தான். இருக்குற ஒரே கண்ணுக்குள்ள, அதுவும் இப்படி மெலிஞ்ச கண்ணுக்குள்ள, தெரியாம ஊசி குத்த அவர் விரும்பல. அது நியாயம்தான்.

வீரம்மா கதிரையில உட்கார்ந்து தாடைய வச்சாங்க. தலை ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்துச்சு. நான் நிமித்தி விட்டேன். பச்சைக் குறி தெரியுதான்னு கேட்டேன். தெரியுதுங்க மிஸ்னு சொன்னாங்க. அதையே பாருங்க, ஆடாதீங்கன்னு சொல்லி அமுக்குனேன். படம் வந்துச்சு, கண்ணோட நடுவக் காணோம். பத்துக்கு நாலு மார்க் குடுத்துச்சு மிஷின். ஏழுக்குக் கீழ டொக்டர் பார்க்க மாட்டாரு.

ரெண்டாவது தடவையும் அதே கதை. தலை திரும்பவும் சாய்ஞ்சிருந்துச்சு, திரும்பவும் நிமித்துனேன். குறி தெரியுதா, தெரியுதுங்க. அதையே பார்க்குறீங்களா, பார்க்குறேனுங்க. நடுவக் காணோம். மூணாவது தடவை கதிரைய உயர்த்திப் பார்த்தேன். நாலாவது தடவைக்கு என் வாய் திறந்துருச்சு. வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க, இங்க விளையாடவா வந்தீங்க, சொன்னது காதுல விழுதா இல்லையா, இப்படி ஏதேதோ பேசிட்டேன். அஞ்சாவது தடவை ஒரு கையால அவங்க தலையப் பின்னாலருந்து புடிச்சு அழுத்திக்கிட்டு, மத்தக் கையால பட்டன அமுக்குனேன். ஆறாவது தடவையும் அப்படித்தான். ஆறுலயும் நடு இல்ல.

"ஆடிட்டேனுங்களா மிஸ்?" அவங்க மெதுவாக் கேட்டாங்க.

"ஆடாம வேற என்னம்மா செஞ்சீங்க?"

அவங்க கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டு எழும்பிட்டாங்க. நான் முத்திரைய எடுத்துத் துண்டுல ஒரு குத்துக் குத்துனேன். பேசின்ல தண்ணி சொட்டுற சத்தத்த விடப் பெரிசாக் கேட்டுச்சு அது.

படம் இல்லாம ஊசி போடேலாது, அடுத்த கிளினிக் வருசத்தால நடக்காது, மே மாசம் முதல் சனிக்கிழமை வாங்கோன்னு டொக்டர் சொல்லி அனுப்பிட்டாரு. கிட்டத்தட்ட ஒரு மாசம். ஒரு மாசம்னா என்ன அர்த்தம்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்குப் பாவமா இல்ல, எரிச்சலாத்தான் இருந்துச்சு. இன்னைக்கே ஊசி போட்டிருக்கலாம், இந்தம்மாவுக்கு ஒழுங்கா உட்காரத் தெரியாததால என் நேரமும் வீண், அவங்க கண்ணும் வீண். இப்படித்தான் நினைச்சேன்.

ரெண்டு மணிக்கு ஆள் குறைஞ்சுது. டொக்டர் தன் அறையில சாப்பாட்டுப் பார்சலப் பிரிச்சாரு. நான் கெட்டுப் போன படங்கள அழிக்க உட்கார்ந்தேன். தினமும் அழிக்காட்டி மிஷின் நிறைஞ்சு போய் மறுநாள் மக்கர் பண்ணும். வீரம்மாவோட ஆறு படமும் திரையில வரிசையா வந்து நின்னுச்சு. அழிக்கப் போன கை அப்படியே நின்னுருச்சு.

கண்ணோட நடுவுல குழாயே இல்லாத ஒரு கறுப்பு வட்டம் எல்லாருக்கும் இருக்கும். சின்னது. படத்துக்கு நடுவுல இருக்க வேண்டியது அது. வீரம்மாவோட முதல் படத்துல அது இடது பக்கத்துக் கீழ் மூலையில, பாதி வெட்டுப்பட்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது படத்துலயும் அதே மூலை. மூணாவதுலயும். ஒரு துண்டுப் பேப்பரக் கிழிச்சுத் திரையில வச்சு, பேனையால அடையாளம் போட்டு ஒவ்வொண்ணா அளந்து பார்த்தேன். ஆறும் ஒரே இடம். மயிரிழை வித்தியாசம் கூட இல்ல. இன்னொண்ணு, படத்துல ஒரு கோடு கூட விழல. நாலு மார்க்கப் பார்த்த ஆத்திரத்துல நான் அதக் கவனிக்கவே இல்ல. ஆடுன கண்ணுன்னா கோடு விழும். ஆடுன கண்ணு ஒரு தடவை மேல போகும், ஒரு தடவை கீழ போகும். ஆறு தடவையும் போய் ஒரே மூலையில நிக்காது.

அந்தம்மா ஆடவே இல்ல. ஆறு தடவையும் கல்லு மாதிரி இருந்திருக்காங்க. வேணும்னே பக்கத்துல பார்த்திருக்காங்க, ஏன்னா நேராப் பார்த்தா அவங்களுக்கு நடுவுல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அதுக்குத்தான் தலை சாய்ஞ்சிருக்கு. நடு அப்படி மறைஞ்சு போச்சுன்னா, அது சும்மா வெடிச்ச வெடிப்பா இருக்கச் சான்ஸ் குறைவு. நோய் ஆறு தடவை என் திரையில வந்து நின்னிருக்கு, நான் அதத் தலையப் புடிச்சு நிமித்தியிருக்கேன்.

மணி ரெண்டு இருபது. செருப்பக் கூட ஒழுங்கா மாட்டாமக் கீழ ஓடினேன். டொக்டர்கிட்ட, போகாதீங்க, கால் மணித்தியாலத்துல வாறேன்னு போற போக்குல அவர் அறைக் கதவுல நின்னே சொன்னேன். அவர் வாய்ல சோறு இருந்துச்சு, என்ன பதில் சொன்னாருன்னு எனக்குத் தெரியாது.

எங்க கட்டிடத்துக்குக் கீழ மடவளை நஸீமோட த்ரீவீல் எப்பவும் நிக்கும். புசல்லாவை பஸ் நிக்கிற குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னேன். சனிக்கிழமையும் அதுவுமா, வருசத்துக்கு முன்னாலயும் அதுவுமா, ரோட்டுல வாகனம் ஊர்ந்துக்கிட்டு இருக்கு. நஸீமுக்கு வாய் சும்மா இருக்காது. யாரும் காசு மறந்து போயிட்டாங்களா, நகைய விட்டுட்டுப் போயிட்டாங்களான்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே வந்தான். நான் ஏசுனேன். அவன் அதுக்கும் சிரிச்சான், ஆனா ரயில் பாதைப் பக்கத்து ஒழுங்கை ஒண்ணுக்குள்ள பூந்து எப்படியோ கொண்டு போய்ச் சேர்த்துட்டான்.

புசல்லாவை பஸ் ஆள் நிறையிற வரைக்கும் எடுக்க மாட்டாங்கங்கிறதுதான் என் நம்பிக்கை. மத்த நாள்னா அரை மணித்தியாலம் நின்னு தூங்கும் அந்த பஸ். அன்னைக்கு வருசச் சாமானோட சனம் ஏறி, நாங்க போகும்போது பஸ் அசைஞ்சு வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சு. நஸீம் த்ரீவீல அதுக்கு முன்னால கொண்டு போய் நிப்பாட்டிட்டான். டிரைவர் சிங்களத்துல சொன்னத நான் இங்க சொல்ல மாட்டேன். கொண்டக்டரத் தள்ளிக்கிட்டு ஏறினேன்.

வீரம்மா மூணாவது வரிசையில, ஜன்னலோரம். கண்ணாடிய மடியில வச்சுச் சேலை முந்தானையால துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் நான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சதும் எழும்பி நின்னுட்டாங்க, ஏதாவது விட்டுட்டு வந்துட்டேனுங்களான்னு கேட்டாங்க.

நான் கேட்டேன். "அம்மா, அந்தப் பச்சைக் குறி உங்களுக்குத் தெரிஞ்சிச்சா, இல்லையா?"

"தெரிஞ்சிச்சுங்க மிஸ்."

"நேராப் பார்த்தாத் தெரிஞ்சிச்சா?"

"நேராப் பார்த்தாப் போயிருதுங்க. கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தா வந்துருது. நீங்க அதையே பாருங்கன்னீங்க. அதான் அது தெரியுற மாதிரியே பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீங்க தெரியுதான்னுதானே கேட்டீங்க."

பஸ்ல அவ்வளவு சனம் பார்த்துக்கிட்டு நிக்க, எனக்கு முகத்த எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. வெளியூர்க்காரி ஒருத்தி இப்படித் தப்பு விட்டாப் பரவாயில்ல. நானும் புசல்லாவைக்கு மேல ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்தவதான். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல காலையில பேர் கூப்பிட்டா, இருக்கேனுங்கன்னு ஒரு சொல் மட்டும்தான் வரணும். எங்கம்மா தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வயித்து வலின்னு போனா வயித்து வலிய மட்டும்தான் சொல்லும். கூடவே காய்ச்சல்னு வாய் திறந்தா, ஒரு நாளைக்கு ஒரு வருத்தம் போதும், அத நாளைக்கு வந்து சொல்லுன்னு அங்க இருந்த மருந்து ஐயா விரட்டுவாரு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு எங்க சனத்துக்கு அடிச்சு அடிச்சுப் படிச்சுக் குடுத்திருக்கு. நான் டவுனுக்கு வந்து, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, அந்த மருந்து ஐயா மாதிரியே ஒரு கதிரையில உட்கார்ந்திருக்கேன். தெரியுதான்னு மட்டும் கேட்டிருக்கேன். எப்படித் தெரியுதுன்னு ஒன்பது வருசத்துல ஒரு ஆள்கிட்டயும் கேட்டதில்ல.

வாங்கம்மா, இன்னொரு படம் எடுப்போம்னு கையப் புடிச்சேன். அவங்க தயங்குனாங்க. அடுத்த பஸ் நாலு மணிக்கு மேலதான், வீடு போய்ச் சேர இருட்டிரும், வீட்டுல யாரும் இல்ல, மக கொழும்புல வேலைன்னாங்க. நான் கொண்டாந்து விடுறேன்னு சொன்னேன். கொண்டக்டர் முறைச்சுக்கிட்டே டிக்கட் காசத் திருப்பிக் குடுத்தான்.

நாங்க போகும்போது டொக்டர் பையோட படிக்கட்டுல இறங்கிக்கிட்டு இருந்தாரு. மணி மூணாகப் பத்து நிமிசம். என்ன பிள்ளை இது, நான் வெளிக்கிட்டிட்டன்னு சொன்னாரு. நான் வழிய மறிச்சுக்கிட்டு நின்னேன். ஆறு படத்தையும் ஒரு தடவை வந்து பாருங்க சேர், அதுக்குப் பிறகு போங்கன்னேன். என் குரல் எப்படி இருந்துச்சோ, மனுசன் திரும்பி மேல ஏறிட்டாரு.

திரையப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் தாடையத் தடவிக்கிட்டே நின்னாரு. பிறகு கதிரைய இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு.

"இது ஆட்டமில்லைப் பிள்ளை. ஆறும் ஒரே பக்கம். நானும் அவவிட்ட இதைக் கேக்கேல்லை." முத்திரை குத்தின துண்டு மேசையில கிடந்துச்சு, அதையும் பார்த்தாரு. "கெதியா எடும்."

அப்பத்தான் எனக்கு இன்னொரு எரிச்சல் வந்துச்சு, அது என் மேலேயே. மிஷின்ல குறிய மாத்துற இடம் ஒண்ணு இருக்கு. சின்னக் குறிக்குப் பதிலா, திரை முழுக்க நாலு மூலைக்கும் கை நீட்டின ஒரு பெரிய பெருக்கல் குறி போடலாம். நடு தெரியாதவங்களுக்காகவே அத வச்சிருக்காங்க. மிஷின் வந்த அன்னைக்கு அதக் கொண்டாந்த ஆள் காட்டித் தந்திருக்கான். நான் அதுக்குப் பிறகு ஒரு தடவை கூடத் தொட்டதில்ல.

வீரம்மா தாடைய வச்சாங்க. நான் பெரிய குறியப் போட்டேன். என்ன தெரியுதுன்னு கேட்டேன், தெரியுதான்னு கேக்கல. நாலு மூலையிலயும் மங்கலாக் கோடு வருது, நடுவுல அழிச்சு விட்ட மாதிரி இருக்குதுங்கன்னு சொன்னாங்க.

"அந்தக் கோடெல்லாம் உள்ள போய் எங்க சேரணுமோ, அந்த இடத்தப் பாருங்கம்மா. அங்க ஒண்ணும் தெரியாது. தெரியாட்டிப் பரவாயில்ல, அந்தத் தெரியாத இடத்தையே பாருங்க."

"தெரியாத எடத்தயா பார்க்கணும்?"

"ஆமாம்மா. பார்த்ததும் வாயால சொல்ல வேணாம், என் கைய அமுக்குங்க."

என் இடது கைய அவங்க மடியில வச்சேன். குளிரூட்டி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. டொக்டர் மூச்சு விடுற சத்தம் பின்னால கேட்டுச்சு. அவங்க கண்ணு திரையில மெதுவா நகருறது எனக்குத் தெரிஞ்சுது, பழக்கப்பட்ட மூலைய விட்டுட்டு இந்தப் பக்கமா வந்துச்சு, ஒரு தடவை பயந்து திரும்பிப் போச்சு, மறுபடி வந்துச்சு. ஒண்ணும் தெரியாத இடத்துல கண்ண நிப்பாட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. அவங்க விரல் என் கைய இறுக்கி அமுக்குச்சு. நான் பட்டன அமுக்குனேன்.

எட்டு மார்க். நடு நடுவுலேயே இருந்துச்சு. கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்துல, குழாயே இருக்கக் கூடாத இடத்துல, நூல் சிக்கு மாதிரி ஒரு சின்னப் பின்னல். ரத்தம் ஓடிக்கிட்டு இருக்குற பின்னல். டொக்டர் ஓம்னு மட்டும் சொல்லிட்டு, கார் டிரைவருக்கு போன் எடுத்து ஒரு மணித்தியாலம் பிந்தும்னு சொல்லிட்டு, ஊசி அறைய ஆயத்தப்படுத்தச் சொன்னாரு.

ஊசி போட்டு முடிஞ்சதும், சொன்ன மாதிரி நானே பஸ்ல கூட்டிட்டுப் போய் லயத்துல விட்டுட்டு வந்தேன். கம்பளை தாண்டுற வரைக்கும் மன்னிப்புக் கேக்கணும் கேக்கணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல. கோவம் வந்தா மட்டும் அருவி மாதிரி கொட்டுற வாய் இது. வீரம்மாவும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசுனாங்க, என்னால உங்களுக்கு வீண் அலைச்சல்னாங்க. எனக்கு அதக் கேக்க இன்னும் மோசமா இருந்துச்சு. மறுநாள் அந்த முத்திரைய நஸீம்கிட்ட குடுத்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல போகும்போது மகாவலியில எறிஞ்சிருன்னேன். எறிஞ்சானா, மகளுக்கு விளையாடக் குடுத்தானா, எனக்குத் தெரியாது.

மே மாசம் முதல் சனிக்கிழமை வீரம்மா திரும்ப வந்தாங்க. அன்னைக்கும் வெளிய சனம், அன்னைக்கும் பேசின்ல சொட்டு. நான் முதல்ல சின்னக் குறியப் போட்டேன். எப்படித் தெரியுதும்மான்னு கேட்டேன்.

"நேராப் பார்த்தாத் தெரியுதுங்க மிஸ். போகல. குறியோட மேல் கை மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு. அது நேராகுமா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. டொக்டர்கிட்ட கேப்போம்."

"பால் போத்தல் கோடும் அப்படித்தான் இருக்கு. ஆனா நம்பர வாசிக்க முடியுது." அதோட நிறுத்திருவாங்கன்னு நினைச்சேன். நிறுத்தல. இந்தத் தாடை வைக்கிற இடம் குத்துது, ஒரு துணி போட்டா என்னன்னு கேட்டாங்க. வெளிய வாங்குல வயசானவங்க நாலு மணித்தியாலம் உட்கார்ந்திருக்காங்க, குடிக்கத் தண்ணி இல்லன்னாங்க. ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரி கண்ணுக்குள்ள கறுப்புப் பொட்டு மிதந்துச்சு, அத யாரும் முன்கூட்டிச் சொல்லல, விடிய விடியப் பயந்துக்கிட்டு இருந்தேன்னாங்க. நான் ஒவ்வொண்ணுக்கும் சரிங்கம்மா, சரிங்கம்மான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

பிறகு கண்ணாடியக் கையில புடிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பினாங்க.

"இன்னொண்ணும் சொல்லணுங்க. அன்னைக்கு என் தலையப் புடிச்சுப் புடிச்சு நிமித்துனீங்களே. மடுவத்துல நான் பதினாலு புள்ளை பார்க்குறேன். ஒரு வயசுப் புள்ளை தலையக் கூட நான் அப்படிப் புடிச்சதில்ல."

தப்புதாம்மான்னு சொன்னேன். ஒரு மாசமாத் தொண்டையில நின்னது அப்பத்தான் வெளிய வந்துச்சு. அவங்க தலைய ஆட்டிக்கிட்டாங்க, அது மன்னிச்சதுக்கா, கேட்டுக்கிட்டதுக்கான்னு என்னால சொல்ல முடியல. கண்ணாடிய மடியில வச்சுட்டுத் அவங்களாவே தாடையக் கொண்டு போய் வச்சாங்க. தலை இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சே இருந்துச்சு. நான் கை வைக்கல, காத்துக்கிட்டு இருந்தேன்.